மழையில் யாராவது ஏசி போடுவார்களா?

கோபம் தணிந்த பிறகுதான் எழுத உட்கார வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கோபம் தணிந்துவிட்டால் நான் எழுதவே மாட்டேன் என்பது என்னுடைய நீண்டகால அனுபவமாகையால், ஐப்பசி மாதத்துக் கல்யாணம் ஒன்றுக்காகத் திண்டிவனம் போய்விட்டு இரவோடிரவாகத் தாம்பரம் திரும்பிய அந்தப் பிரயாணத்தின் எரிச்சல் ஆறிப்போவதற்குள் இதை எழுதி முடித்துவிடுவது என்று சங்கல்பம் செய்துகொண்டிருக்கிறேன். எரிச்சல் யார்மேல் என்று கேட்பீர்களானால், பாதி என் மைத்துனன்மேல். கால் பங்கு மழையின்மேல். எஞ்சிய கால் பங்கு, எட்டு வருஷமாக ஒரே காரை ஓட்டிக்கொண்டிருந்தும் அதன் முகப்பில் வரிசையாக இருக்கும் பட்டன்களில் இரண்டே இரண்டின் உபயோகத்தை மட்டும் அறிந்திருந்த என்மேல்.

(என் மனைவி இந்தப் பங்குகளை வேறு விதமாகப் பிரிப்பாள். அது வேறு கதை.)

நடந்தது இதுதான்.

வரவேற்பு முடிந்து, பந்தியில் இரண்டாம் முறையும் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மண்டபத்து வாசலுக்கு வந்தபோது மணி பத்தேகால். மழை என்றால் சாதாரண மழையல்ல. வாசலிலிருந்து கார் நின்ற இடம் முப்பதே தப்படி என்றாலும், அந்த முப்பது தப்படிக்குள் என் மாமியார், என் மனைவி, மைத்துனன், கல்லூரியில் படிக்கும் அவன் பிள்ளை, நான் ஆகிய ஐந்து பேரும் தொப்பலாக நனைந்து, ஈரப் பட்டுப்புடைவை இரண்டு, ஈர வேட்டி இரண்டு, சொட்டுகிற குடை மூன்று, மல்லிகைச் சரம், தாம்பூலப் பை ஐந்து ஆகியவற்றோடு வண்டிக்குள் புகுந்து கதவுகளைச் சாத்திக்கொண்டோம். இந்தப் பட்டியலைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறது.

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊரின் எல்லையைத் தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து மாமியார், "மாப்ளே, எனக்குக் கால் விறைக்குது" என்றார். உடனே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன், "மழையில யாராச்சும் ஏசி போடுவாங்களா மாமா? வெளியவே குளுகுளுன்னு இருக்கு. பெட்ரோலுக்குத்தான் கேடு" என்று சொல்லிக்கொண்டே, என் சம்மதத்தை எதிர்பாராமல், கையை நீட்டி அதை நிறுத்திவிட்டான்.

அந்த வாதத்தில் எனக்கும் அப்போது ஒரு குறையும் தென்படவில்லை. மழை பெய்கிறது, குளிர்கிறது, குளிர்கிறபோது குளிர்சாதனம் எதற்கு? தர்க்க சாஸ்திரத்தில் இதைவிடச் சுத்தமான அனுமானம் கிடைப்பது அரிது.

ஒலக்கூர் வருவதற்குள் கண்ணாடி பூக்கத் தொடங்கிற்று.

பால் ஆறும்போது ஆடை படிகிறதே, அப்படி முதலில் கீழோரத்தில் மெல்லிய ஒரு வெண்மை தோன்றி, சிறிது சிறிதாக மேலேறி, சாலை நடுவின் அரளிச் செடிகளுக்கு அப்பால் எதிர்த்திசையில் வருகிற லாரிகளின் விளக்குகளை முதலில் இரண்டு பஞ்சுருண்டைகளாகவும் பிறகு ஒரே ஒரு மஞ்சள் மேகமாகவும் ஆக்கி, கடைசியில், வைப்பர் அதிவேகத்தில் அடித்துக்கொண்டிருந்தும் இம்மியளவு பிரயோஜனமில்லாமல், சாலை என்று ஒன்று இருப்பதையே மறைத்துவிட்டது. வைப்பர் துடைப்பது வெளிப்பக்கத்தை. பூத்திருந்ததோ உள்பக்கம்.

(வைப்பருக்கு மூலபுருஷர் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. குளிர்காலத்து நியூயார்க்கில் டிராம் ஓட்டுநர் பனியில் முன்னே தெரியாமல் தவித்ததைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், 1903-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த அம்மாள் கையோடு உள்பக்கத்துக்கும் ஒன்று செய்து வைத்திருக்கலாமே என்று அன்றிரவு நான் மனமார வருந்தினேன்.)

இதன் பிறகு அரைமணி நேரம் அந்த வண்டிக்குள் நடந்த வைத்தியங்களைச் சொல்லி மாளாது. நான் கைக்குட்டையால் துடைத்தேன்; துடைத்த இடம் ஐந்து விநாடி தெளிந்து ஆறாவது விநாடி மறுபடி பூத்தது. "ஏங்க, இதால துடைங்க" என்று மனைவி முந்தானையை நீட்டினாள். பட்டு ஈரத்தை உறிஞ்சாது, இழுத்துப் பூசும் என்பதை அன்று கண்டுகொண்டோம். மைத்துனன் ஜன்னலை இறக்கச் சொன்னான்; இறக்கியதும் சற்றே தெளிந்தது வாஸ்தவம்தான், ஆனால் சாரல் உள்ளே அடித்து என் வலது தோளுக்கும் பின்னால் இருந்த மாமியாருக்கும் இரண்டாவது ஸ்நானம் செய்வித்ததில், "ஏத்துங்க மாப்ளே, ஜன்னி கண்டுடும்" என்று அபயக் குரல் கிளம்ப, மறுபடி ஏற்றினோம். "லாரிக்காரங்க புகையிலையத் தேய்ப்பாங்க மாமா" என்றான் அவன். அது வைப்பர் ரிப்பேரானால் வெளிக் கண்ணாடிக்குச் செய்கிற கைவைத்தியம். தவிரவும் எங்களிடம் இருந்தது தாம்பூலப் பையில் வெற்றிலை மாத்திரமே. (வெற்றிலையையும் தேய்த்துப் பார்த்தான். பச்சையாக ஒரு கோடு விழுந்தது.) பிள்ளையாண்டான் மட்டும் ஒன்றும் பேசாமல் செல்போனில் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தான், சிக்னல் கிடைக்காமல் அதில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேல்மருவத்தூருக்குச் சற்று முன்னால் விளக்கெரிந்த டீக்கடை ஒன்றைக் கண்டு (கண்டது நானல்ல, பக்கத்து ஜன்னலைத் துடைத்துத் துடைத்து வழி சொல்லிக்கொண்டு வந்த மைத்துனன்) வண்டியை ஓரங்கட்டினேன். அங்கே செவ்வாடைப் பக்தர்களை ஏற்றி வந்த டூரிஸ்ட் வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் டிரைவர், ஐம்பது வயதிருக்கும், டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என் கண்ணாடியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏசி ரிப்பேரா சார்?"

"இல்லையே, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் போடாம வர்றீங்க?"

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கதவு வழியாகக் கையை உள்ளே விட்டு நாலு காரியம் செய்தார். ஏசியைப் போட்டார். கார்ப் படத்துக்குள் ஓர் அம்பு வளைந்து திரும்புகிற பட்டனை அணைத்தார். விசிறி போல் மேலே விரிந்த கண்ணாடிப் படத்தில் மூன்று நெளிந்த அம்புகள் ஏறுகிற பட்டனை அமுக்கினார். கடைசியாக, நீலத்தில் இருந்த குமிழைச் சிவப்புப் பக்கம் பாதி திருப்பி, "பாட்டிக்குக் குளிராது" என்றார். கண்ணாடியின் அடியிலிருந்து காற்று உஸ்ஸென்று கிளம்பியது. இரண்டு அரைவட்டங்கள் தெளிந்தன. அவை விரிந்து விரிந்து ஒன்றோடொன்று கூடின. என் டீ ஆறுவதற்குள் அந்தக் கண்ணாடியில் மைத்துனனின் வெற்றிலைக் கோட்டைத் தவிர வேறெதுவும் மிச்சமில்லை.

எட்டு வருஷம். அந்த மூன்று நெளிந்த அம்புகளை நான் கால் சூடேற்றுகிற ஏதோ வெளிநாட்டு ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு வந்து சேர்ந்த பிறகு இரண்டு நாள் இதே படிப்பாக இருந்தேன். விஷயம் அடுக்களையில் தினம் பார்ப்பதுதான். குளிர்ந்த நீர் ஊற்றி வைத்த செம்பு வெளிப்புறம் முத்து முத்தாக வேர்க்கிறதல்லவா? செம்பு ஒழுகவில்லை, காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஈரம் அதன்மேல் இறங்கியிருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைச் சுமக்கும்; 20 டிகிரியில் 17 கிராம்தான்; 10 டிகிரிக்கு இறங்கினால் ஒன்பது கிராமுக்கு மேல் அதற்குச் சக்தி இல்லை. சுமக்க முடியாத மிச்சத்தைப் பக்கத்திலுள்ள குளிர்ந்த பொருளின்மேல் இறக்கி வைத்துவிட்டுப் போகும். வெளியே மழை அடித்துக் குளிர்ந்திருந்த என் முன்கண்ணாடிதான் அன்றைய செம்பு. ஈரம் எங்கிருந்து வந்தது என்றால், இப்போது அந்தப் பட்டியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள்: புடைவை இரண்டு, வேட்டி இரண்டு, குடை மூன்று. இவை போதாதென்று, மனிதன் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சிலும் தோலிலுமாக நாளொன்றுக்கு 600 முதல் 800 மில்லி வரை நீரைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறான். ஐந்து பேர் என்றால் மணிக்கு ஒரு டம்ளர். அதிலும் என் மைத்துனனைப் போல் வாய் ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விடுவார்கள்.

இனி ஏசி. வண்டியின் முகப்புக்குப் பின்னால் ஒரு காயில் இருக்கிறது. நீர் பனிக்கட்டியாவதற்குச் சற்று மேற்பட்ட குளிர்நிலையில் அது இருக்கும். உள்ளே வருகிற காற்று அதன்மேல் பட்டு, தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே வடித்துவிட்டு, உலர்ந்த காற்றாக வெளிப்படுகிறது. வடிந்த நீர் ஒரு சிறு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. இந்தச் சொட்டு எனக்குப் பழைய சிநேகிதம். கார் வாங்கிய முதல் கோடையில், அடியில் தேங்கிய நீரைக் கண்டு ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டதென்று பதறி, வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு ஓடி, காலை முழுவதும் காத்திருந்து, "அது ஏசித் தண்ணி சார்" என்ற ஒற்றை வாக்கியத்தை உபதேசமாகப் பெற்றுத் திரும்பியவன் நான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால், திண்டிவனத்து இரவு இத்தனை நீண்டிருக்காது.

அதைவிட என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்தியது இந்த யந்திரத்தின் ஜாதகம். மனிதனைக் குளிர்விக்க வேண்டும் என்று யாரும் இதைச் செய்யவில்லை! நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சுக்கூடம். கோடையில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் காகிதம் உப்பும். உப்பினால் ஒரு வர்ணத்தின்மேல் மற்றொரு வர்ணம் சரியாக விழாமல் படம் கலங்கிப்போகும். இதற்குப் பரிகாரமாக 1902-ல், வில்லிஸ் காரியர் என்ற இருபத்தைந்து வயது எஞ்சினீயர், குளிர்ந்த காயில்களின்மேல் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தை வடிக்கும் ஓர் ஏற்பாட்டை வரைந்து கொடுத்தார். அந்த ஏற்பாடுதான் வம்சவிருத்தியாகி இன்று நம் வீட்டிலும் வண்டியிலும் உட்கார்ந்திருக்கிறது. ஈரத்தை வடிப்பதே அதன் குலத்தொழில். குளிர்ச்சி இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பட்டம். ஆகையால், "மழையில் யாராவது ஏசி போடுவார்களா" என்ற கேள்விக்கு, மழையில்தான் ஐயா போட வேண்டும் என்பது பதில். குளிர் பிடிக்கவில்லையென்றால் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அந்த வெப்பம் எஞ்சின் வீணாகக் கழிக்கிற வெப்பமாகையால் அதற்குத் தனியாகப் பெட்ரோல் செலவு கிடையாது. ஏசியும் ஹீட்டரும் ஒரே சமயத்தில் ஓடுவதைப் பார்த்து, 'இடது கையால் ஊற்றி வலது கையால் துடைக்கிற காரியம்' என்று நானே ஒரு காலத்தில் பரிகாசம் செய்ததுண்டு. ஒன்று காற்றை உலர்த்துகிறது, மற்றது அதைச் சூடாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கண்ணாடி பூக்காது.

(காரில் முதன்முதலாகக் கம்பெனியே ஏசி பொருத்தி விற்றது அமெரிக்காவின் பாக்கார்டு, 1940-ம் வருஷத்து மாடல். அந்த ஏசியை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அந்த வண்டியில் என் மைத்துனன் வந்திருக்கக்கூடாதா என்று ஏங்குகிறேன்.)

இவ்வளவு ஞானம் கைவந்த பிறகு எனக்குச் சற்றுக் கர்வம் உண்டாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. அந்தக் கர்வம் சரியாகப் பதினைந்து நாள் நிலைத்தது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை நின்றுவிட்டது, கடற்காற்றும் நின்றுவிட்டது, ஈரத்துணியைப் பிழிந்து முகத்தில் போட்டாற்போன்ற புழுக்கம். ஏசியை 18-ல் வைத்து, வேன் டிரைவரின் உபதேசப்படி காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிவிட்டு, கவலையற்று வந்துகொண்டிருந்தேன். கல்பாக்கம் தாண்டியதும் கண்ணாடி பூத்தது. நான் அலட்சியமாகச் சிரித்துவிட்டு விசிறியைக் கூட்டினேன். இன்னும் பூத்தது. முழுவேகத்தில் வைத்தேன். ஆடை கனத்து, எதிரே சாலை என்பது வெறும் ஊகமாயிற்று. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. கடைசியில், இண்டிகேட்டரைப் போடப்போய்ப் பதற்றத்தில் வைப்பர் தண்டைத் தட்டிவிட்டேன். ஒரே வீச்சில் கண்ணாடி துலக்கமாயிற்று!

பூத்திருந்தது வெளிப்பக்கம். இம்முறை செம்பு திரும்பி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். புழுங்குகிற காற்று வெளியே. அதற்கு உள்ளிருந்து நானே மும்முரமாகக் கண்ணாடியைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரையோரத்தில் இரவுக் காற்று 25 டிகிரிக்குச் சற்றுக் குறைந்தாலே ஈரத்தை இறக்கத் தயாராக இருக்கிற நாட்கள் உண்டு; அதற்கு எதிரே 18-ஐப் பிடித்து நிறுத்தினால் வேறென்ன ஆகும்? வைப்பரை ஒருமுறை ஓட்டிவிட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துக்கும் காலுக்கும் திருப்பி, 25-க்கு ஏற்றினேன். தீர்ந்தது. அன்று முதல் கண்ணாடி பூத்தால் எந்தப் பட்டனையும் தொடுமுன் விரலால் உள்பக்கம் ஓர் ஓரத்தில் ஒரு கீறல். கோடு விழுந்தால் நோய் உள்ளே, விழாவிட்டால் வெளியே. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுத்தால், ஒன்றில் குணமாகும், மற்றதில் முற்றும்.

கீறல் என்றதும் வேறொரு அவமானம் நினைவுக்கு வருகிறது. கொஞ்ச காலமாக இரவில் எதிரே வரும் விளக்குகள் எனக்கு விளக்காகத் தெரியாமல், நாலு பக்கமும் கதிர் நீட்டிய நட்சத்திரங்களாகத் தெரிந்துகொண்டிருந்தன. வயது ஐம்பத்தெட்டு; புரைதான் என்று முடிவு கட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனேன். அவர் சாவகாசமாகப் பரிசோதித்துவிட்டு, "கண்ணுல ஒண்ணும் பெருசா இல்ல. வண்டிக் கண்ணாடிய உள்பக்கம் கடைசியா எப்பத் துடைச்சீங்க?" என்றார். யோசித்தேன். துடைத்ததெல்லாம் கைக்குட்டையாலும் உள்ளங்கையாலும், பூத்தபோதெல்லாம் அவசரத்துக்கு. கையிலுள்ள எண்ணெய்ப் பசையும், வெயிலில் காய்கிற முகப்பு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பிப் படிகிற பூச்சும் சேர்ந்து, பகலில் கண்ணுக்கே தெரியாத ஒரு மெழுகுப் படலமாக நின்று, இரவில் ஒவ்வொரு விளக்கையும் உடைத்து வாரி இறைத்துக்கொண்டிருந்தன. ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று, பத்து நிமிஷம். நட்சத்திரங்கள் மறைந்தன. பசை போன கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் பூப்பதுமில்லை என்பது உபரி லாபம். மருத்துவருக்குக் கொடுத்த கட்டணத்தை மனைவியிடம் சொல்லவில்லை.

அந்த வளைந்த அம்புப் பட்டனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அதை அமுக்கினால் வெளிக்காற்று உள்ளே வராது. உள்ளிருக்கிற காற்றே சுற்றிச் சுற்றி வரும். சீக்கிரம் குளிரும், முன்னால் போகிற லாரியின் புகை நாசியில் ஏறாது, குப்பைமேட்டைக் கடக்கும்போது பெரிய உபகாரம். ஆனால் நம்மில் பெரும்பாலோர் கார் வாங்கிய அன்று அதை அமுக்கினால், விற்கிற அன்றுதான் எடுக்கிறோம். நாம் விடுகிற மூச்சில் கரியமில வாயு நூற்றுக்கு நாலு பங்கு. வெளிக்காற்றில் இருப்பதைப்போல் அது நூறு மடங்கு. ஐந்து பேர் அடைத்துக்கொண்டு அரைமணி நேரம் ஒரே காற்றைத் திருப்பித் திருப்பிச் சுவாசித்தால் தலை கனக்கும், கொட்டாவி வரும், பாலாற்றுப் பாலத்தின்மேல் எனக்கு வழக்கமாக வருகிற கொட்டாவியைக் கல்யாணச் சாப்பாட்டின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன், பட்டனை எடுத்துவிட்ட பிறகு அதில் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதி நிஜமான தூக்கம். அதற்கு எந்தப் பட்டனும் கிடையாது. ஏசியை 16-க்கு இறக்கி முகத்தில் அடித்துக்கொள்வது, நான் செய்து பார்த்தவன் சொல்கிறேன், தூங்குகிறவனைக் குளிரத் தூங்கவைக்கிற காரியம். விடியற்காலம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு நம் பேச்சைக் கேட்பதில்லை. ஒருமுறை அந்த வேளையில் செங்கல்பட்டுப் பக்கம் போலீஸார் வண்டியை மறித்தபோது, எந்தக் காகிதம் காலாவதியாகியிருக்கிறதோ என்று நடுங்கிக்கொண்டு இறங்கினேன். அவர்கள் ஒரு குடம் தண்ணீரைக் காட்டி, "மூஞ்சியக் கழுவுங்க சார்" என்று சொல்லிவிட்டு டீயும் கொடுத்தார்கள்.

ஓரங்கட்டித் தூங்குவது உசிதம்தான். ஆனால் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். நின்ற இடத்தில் புகை எப்படியோ உள்ளே புகுந்தால், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவன் விழிப்பதில்லை. இதில் வேடிக்கை பேச எனக்கு மனம் வரவில்லை.

லாரி டிரைவர்களுக்கு இந்தப் பட்டன் தொந்தரவே ஒரு காலம் வரை இல்லை. அவர்கள் கேபினில் ஏசி ஏது? எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டே இரவெல்லாம் ஓட்டினார்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகிற சரக்கு லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு சட்டம் செய்திருக்கிறது. ரொம்பக் காலம் கடந்து வந்த நல்ல காரியம். சாலையிலே எனக்கு எதிரே வருகிறவர் வேர்த்து விறுவிறுத்துத் தூக்கத்தோடு போராடாமல் வருவது, அவரைக் காட்டிலும் எனக்கு க்ஷேமம்.

மறுபடி அந்தத் திண்டிவனத்து இரவுக்கு வருகிறேன். கண்ணாடி தெளிந்ததும் மைத்துனன், "இனிமே பறக்கலாம் மாமா" என்றான். மதுராந்தகம் ஏரியை ஒட்டி மழை சற்று விட்டிருந்தது. நானும் 80-ஐத் தொட்டேன். படாளம் நெருங்கும்போது, எனக்கு முன்னால், பின் விளக்கு இல்லாமல், ஒரு சிவப்பு ஒட்டுத்தாள்கூட இல்லாமல், சாலையின் கறுப்போடு கறுப்பாக ஒரு டிராக்டர் டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. (அங்கே சர்க்கரை ஆலை இருக்கிறது, அரவைப் பருவத்தில் பாரம் ஏற்றிய கரும்பு வண்டிகள் இப்படித்தான் போகும். அன்று பருவமுமில்லை, கரும்புமில்லை, வெறும் டிரெய்லர்.) பிரேக்கை மிதித்தேன். நின்றது. எவ்வளவு இடைவெளியில் என்று சொன்னால் மாமியார் இதைப் படிக்கக்கூடும்.

வீட்டில் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொட ஒன்றரை விநாடி. அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிறகு நல்ல பிரேக், நல்ல டயர், உலர்ந்த சாலை என்றால்கூட நிற்பதற்கு இன்னொரு 35 மீட்டர். ஆக ஏறக்குறைய 70 மீட்டர். டிம் விளக்கு காட்டுவதோ சுமார் 50 மீட்டர். மிச்சமிருக்கிற 20 மீட்டரை நான் இத்தனை வருஷமாக யாருடைய கிருபையில் ஓட்டிக்கொண்டிருந்தேன்? 60 என்றால் இருபத்தைந்தும் இருபதும் நாற்பத்தைந்து, விளக்குக்குள் நின்றுவிடும். நனைந்த சாலையில் அதற்கும் குறைய வேண்டும். அன்றிலிருந்து இரவில் என் முள் அறுபதைத் தாண்டுவதில்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே என்னைக் கடந்துபோகிறார்கள். போகட்டும்.

பிரைட்டில் போடலாமே என்பீர்கள். எதிரே யாருமில்லாதபோது தாராளமாகப் போடலாம். மழையிலும் மூடுபனியிலும் போட்டால் அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி வந்து முன்னால் ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பும். எதிரே ஆள் வரும்போது போடுவது பாவம். இருட்டுக்கு நன்றாகப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிஷம் ஆகிறது. அந்தப் பழக்கத்தைக் கலைக்க ஒரு பிரைட்டு போதும். என் சிறுவயதில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் அம்பாஸடர் வைத்திருந்தார். டிம் பண்ணுகிற பொத்தான் அதில் தரையில், கிளட்சுக்குப் பக்கத்தில் இருக்கும். எதிரே வண்டி வந்தால் அவர் இடது கால் தானாகப் போய் அதை அமுக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். போதாதென்று ஹெட்லைட்டின் நடுவில் திருஷ்டிப் பொட்டுப்போல் ஒரு கறுப்பு வட்டமும் உண்டு. இன்று விரல் நுனியில் தண்டு இருக்கிறது, தட்டத்தான் ஆளில்லை. டிம் பண்ணாதவர்களோடு போட்டியாக நாமும் பிரைட்டை அடிப்பதால், ஒரு குருடனுக்குப் பதில் இரண்டு குருடர்கள் சாலையில் உண்டாவதைத் தவிர வேறு பலன் கிடையாது. நான் பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு இறக்கிக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, அவர் போகும் வரை அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு போகிறேன். பின்னால் வருகிறவரின் பிரைட்டுக்கு வேறு உபாயம்: உள்ளே இருக்கிற கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நாக்கு இருக்கிறது; அதை இழுத்தால் ரசம் பூசிய முகம் கூரைப் பக்கம் திரும்பி, நூற்றில் நாலு பங்கு வெளிச்சம் மட்டும் கண்ணுக்கு வரும். அந்த நாக்கையும் நான் கண்ணாடி மாட்டுகிற கொக்கி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சாலையில் பதித்த ரிஃப்ளெக்டர்களுக்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இங்கிலாந்தில் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா என்பவர் 1934-ல் காப்புரிமை வாங்கிய பூனைக்கண்ணின் சந்ததி அவை. அவருடைய பூனைக்கண் ரப்பர் மெத்தையில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஏறினால் அமுங்கி, தேங்கிய மழைநீரில் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்ளும். உள்பக்கக் கண்ணாடிக்கு இப்படி ஓர் இமை வைக்க அவருக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனனை உட்காரவைத்து விஸ்தாரமாகச் சொன்னேன். செம்பு, காயில், காரியர், பூனைக்கண் ஒன்றையும் விடவில்லை. அவன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, இரண்டு தரம் காப்பி குடித்துவிட்டு, "எல்லாம் புரிஞ்சுது மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போன வாரம் இரவு எட்டு மணிக்கு ஏற்காட்டு மலைப்பாதையிலிருந்து அவனுடைய போன். மழை, மூடுபனி, பதினோராவது கொண்டையூசி வளைவுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி நிற்பதாகவும், கண்ணாடி பூத்து ஒன்றுமே தெரியவில்லை என்றும் சொன்னான்.

"ஏசி போட்டியா?"

"போட்டுட்டேன் மாமா. உள்சுத்தையும் எடுத்துட்டேன். நீங்க சொன்ன மூணு அம்புப் பட்டனையும் அமுக்கி அஞ்சு நிமிஷம் ஆச்சு."

"படம் எப்படி இருக்கு? மேல விரிஞ்சு விசிறி மாதிரியா, சதுரமாவா?"

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"சதுரமா இருக்கு மாமா."

"அது பின் கண்ணாடிக்குடா மச்சான்."

"அதான் பாத்தேன்," என்றான். "வந்த வழி பளிச்சுன்னு தெரியுது."